இணைப்பு அறுத்த வரைபடம்

செப்டம்பர் 9, திங்கள்

தூக்கம் வரவில்லை என்று பாளையங்கோட்டை டாக்டரிடம் போனேன். மாத்திரை தருவார் என்று பார்த்தால் வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பிவிட்டார். தினமும் நடந்ததை எழுத வேண்டுமாம், ஒரு வரி ஆனாலும் போதுமாம். எழுதாத டைரிக்கு இந்த வீட்டில் பஞ்சமில்லை. அணைக்கட்டு ஆபீஸ்காரன் வீடென்றால் பொங்கலுக்கு முன்னால் ஒப்பந்தக்காரர்கள் டைரியாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஆள் போன பிறகும் பழக்க தோஷத்தில் இந்த வருஷமும் ஒன்று வந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஆவுடைச்செல்வி. கருவேலாற்று அணை அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. என் வீட்டுக்காரர் பிரம்மநாயகம் இங்கே பணி ஆய்வாளராக இருந்தார். போன வருஷம் மாசியில் வேலை பார்த்த இடத்திலேயே வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். அந்த வேலைக்குப் பதிலாக இந்த வேலை. யார் மேல் யாருக்குக் கருணை என்று ஆர்டரில் எழுதவில்லை.

இன்றைக்கு ஆபீஸில் ரகளை. செயற்பொறியாளர் தாணுமாலயன் சார் ஆட்சியர் அலுவலகக் கூட்டத்தில் ஸ்லைடு போட்டிருக்கிறார். அணையின் கசிவுநீர் வரைபடம் வர வேண்டிய இடத்தில் ‘இணைக்கப்பட்ட கோப்பு கிடைக்கவில்லை’ என்று பட்டை வந்து நின்றதாம். அத்தனை அதிகாரிகள் முன்னால் மானம் போய்விட்டது. வந்ததும் என் மேசைமேல் லேப்டாப்பை வைத்தார்.

“அடுத்த மாசம் மழைக்கு முந்தின ஆய்வுக் கூட்டம் இருக்கு. ஸ்லைடுல இருக்க படமெல்லாம் ஸ்லைடுக்குள்ளயே இருக்கணும். வெளியில ஒரு லிங்க் கூட இருக்கப்படாது. அந்தக் கூட்டத்துலதான் அணையை முழு மட்டத்துக்கு நிரப்ப அனுமதி கேக்கப் போறோம். புரியுதா?”

புரிந்தது என்றேன். புரியவில்லை.

செப்டம்பர் 10

உதவிப் பொறியாளர் ஜெர்லின் சொல்லிக்கொடுத்தாள். வயது முப்பதுகூட இல்லை, என்னை அக்கா என்பாள், நான் அவளை மேடம் என்பேன். ஆளுக்கொரு மரியாதை.

“அக்கா, அளவு அடிக்குற ஷீட்டுல இருந்து சார்ட்டைக் காப்பி பண்ணி ஸ்லைடுல ஒட்டுனா, நாம சும்மா விட்டா அது லிங்க்காதான் ஒட்டும். இங்க ஷீட்டுல நம்பர் மாறுனா அங்கயும் மாறும். ஷீட்டு இல்லாத கம்ப்யூட்டர்ல தொறந்தா பல்லக் காட்டிரும். ஒட்டுன ஒடனே கீழ ஒரு குட்டிப் பெட்டி வரும் பாருங்க. அதுல ‘எம்பெட்’ எடுத்தா ஷீட்டே ஸ்லைடுக்குள்ள வந்து உக்காந்துரும். அதும் வேண்டாம்னா படமா ஒட்டிருங்க. படம்னா அப்புறம் ஒருத்தராலயும் அசைக்க முடியாது.”

முதலில் பழைய இணைப்பு எங்கே போகிறது என்று பார்த்தோம். என் வீட்டுக்காரருடைய பழைய கம்ப்யூட்டருக்குப் போகிறது. அது ஸ்டோர் அறையில் சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் வயர் பிடுங்கிக் கிடக்கிறது. ஜெர்லின் சிரித்தாள். இல்லாத கம்ப்யூட்டருக்கு இணைப்பு.

நான் சிரிக்கவில்லை. பட்டையை மூடியதும் அதற்கடியில் தெரிந்த பழைய கோடு மேலே ஏறியிருந்தது.

இதை விளக்கி எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே விளங்காது. அணைக்கரையின் அடிவாரத்தில் கல்லால் கட்டிய ஓர் அறை உண்டு. கரைக்குள் கசிகிற தண்ணீர் அங்கே வந்து ஒரு தகட்டின் வெட்டு வாய் வழியாக வழியும். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வழிகிறது, தெளிவா கலங்கலா என்று விடியற்காலம் படியிறங்கிப் பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. கசிவு கூடினால் கவனிக்க வேண்டும். கலங்கி வந்தால் கரையின் மண் உள்ளே கரைகிறது என்று அர்த்தம், ஓட வேண்டும் என்பார். அந்தப் படியில்தான் பாசி வழுக்கியது. அதற்குப் பிறகு அறையைப் பூட்டிவிட்டார்கள். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. மதகு பார்க்கிற லஸ்கர் பூல்பாண்டி தினமும் பத்து மணிக்கு எனக்குப் போன் செய்வார்.

“மேற்படிதாம்மா.”

முந்தின நாள் அளவேதான் என்று பொருள். நான் 38 என்று அடிப்பேன். அவர் கடைசியாக எழுதிய அளவு அது. ஒன்றரை வருஷமாக எங்கள் அணை சொட்டுக் கூடாமல் சொட்டுக் குறையாமல் கசிகிறது. இப்போதுதான் மாற்றலாகி வந்த தாணுமாலயன் சாருக்கு அதில் பெருமை.

அப்படியென்றால் கோடு படுத்துக் கிடக்க வேண்டும். ஏன் ஏறுகிறது?

செப்டம்பர் 12

பஸ் நிறுத்தத்தில் தங்கபுஷ்பம் மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா. அணைக்குக் கீழே கீழக்காலனியில் வீடு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள், பிறகு திருப்பிய முகத்தைத் திரும்பவும் இந்தப் பக்கமே கொண்டுவந்தாள், ஏச வேண்டுமே.

“என்னளா, ஆபீசர் அம்மா, பஸ்ஸுக்கா நிக்க? எந்தம்பி உக்காந்த நாக்காலி சூடா இருக்கா? புள்ளையா குட்டியா ஒனக்கு? எம்மவன் படிச்சுட்டு மாடு மேய்க்கான்.”

“சட்டத்துல அக்கா மகனுக்குக் கெடையாது மதினி. பொண்டாட்டிக்குத்தான்.”

“சட்டம் பேசுதா. தின்னுட்டு நல்லா இரி.”

நல்லா இருக்கிறேன். பஸ் வர அரைமணி ஆனது.

செப்டம்பர் 13

பழைய இணைப்பை அறுக்க ‘பிரேக் லிங்க்’ அழுத்தினேன். இந்த இணைப்பைத் திரும்பப் பெற முடியாது, சம்மதமா என்று கேட்டது. கை கொஞ்சம் நின்றது. கம்ப்யூட்டரிடம் போய் என்ன சொல்வது? சம்மதம் என்றேன். பழைய படத்தை அழித்தேன். ஆபீஸ் ஷீட்டிலிருந்து புதுப் படம் எடுத்து, குட்டிப் பெட்டியில் எம்பெட் கொடுத்து ஒட்டினேன். கோடு பாய் விரித்த மாதிரி மட்டமாகக் கிடந்தது. ஜெர்லின் கைகுலுக்கினாள்.

செப்டம்பர் 14

காலையில் திறந்தேன். கோடு ஏறி நிற்கிறது.

படத்தின்மேல் மவுஸின் வலது பொத்தானைத் தட்டி உள்ளே உட்கார்ந்திருக்கிற ஷீட்டைத் திறந்தேன். போன வருஷம் மாசி வரைக்கும் ஆபீஸ் ஷீட்டில் இருக்கிற எண்களே. அதற்கப்புறம் எங்கள் 38-கள் ஒன்றுகூட இல்லை. 39, 39, 41, 40, 43 என்று மெல்ல மெல்ல ஏறி நேற்று 57. கடைசிப் பத்தியில் அவர் போடுகிற குறிப்பு. தெளிவு, தெளிவு, தெளிவு. இந்த ஆவணியிலிருந்து ‘லேசான கலங்கல்’.

ஆபீஸ் ஷீட்டைத் திறந்தேன். அங்கே 38. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். நான் கிணறுகூட வெட்டவில்லை, படம்தானே ஒட்டினேன்.

செப்டம்பர் 17

செருப்பில் ஈரம். மழை இல்லை.

செப்டம்பர் 18

மறுபடியும் செய்தேன். மறுபடியும் ஏறியது. ஜெர்லினிடம் காட்டினேன். அவள் லேப்டாப்பை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

“அக்கா, லேப்டாப் யாருட்ட இருக்கு?”

“எங்கிட்டதான். சார் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாரு.”

“தூக்கம் வருதா உங்களுக்கு?”

“இப்போ நல்லா வருது. விடியறதுகூடத் தெரியல.”

உண்மைதான். டாக்டர் கெட்டிக்காரர். டைரி எழுத ஆரம்பித்ததிலிருந்து கட்டையைப் போட்ட மாதிரித் தூங்குகிறேன்.

செப்டம்பர் 20

எம்பெட்டும் வேண்டாம். படமாக ஒட்டினேன். உள்ளே ஷீட் கிடையாது, எண் கிடையாது, தட்டினால் திறக்காது. வெறும் புகைப்படம். குளியலறையில் விழுந்திருப்பேன் போலிருக்கிறது, இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்திருக்கிறது. மஞ்சள் வைத்தேன்.

செப்டம்பர் 21

புகைப்படத்தில் கோடு ஏறியிருக்கிறது.

பயமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பயம்தான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதவும் வேண்டும் அல்லவா. காலையில் எழுந்ததும் காபி போடாமல் லேப்டாப்பைத் திறக்கிறேன். புதுப் புள்ளி வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். வந்திருந்தால் மனசு ஆறுகிறது. வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 24

டார்ச் லைட்டில் போன வாரம்தான் புது பேட்டரி போட்டேன். எரியவில்லை. இப்போதெல்லாம் பேட்டரியிலும் கலப்படம்.

செப்டம்பர் 28

வேலை நிரந்தரமாவதற்குச் சான்றிதழ் சரிபார்க்கத் திருநெல்வேலிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போய் இரண்டு ராத்திரி சித்தி மகள் வீட்டில் தங்கிவிட்டு இன்று மத்தியானம் வந்தேன். போகும்போது ஒரு வேலை செய்தேன். வரைபடத்தைத் தாளில் அச்செடுத்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு போனேன். லேப்டாப்பை ஜெர்லினிடம் கொடுத்துவிட்டேன்.

வந்து பீரோவைத் திறந்தேன். தாளில் அச்சடித்த கோட்டின் நுனிக்கு அப்பால் பென்சிலால் இரண்டு புள்ளிகள். இரண்டு நாளுக்கு இரண்டு.

ஜெர்லினுக்குப் போன் செய்து லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். அங்கேயும் இரண்டு. “அக்கா, எங்க வீட்டுல ஜெபம் பண்ணச் சொல்லுதேன்” என்றாள்.

புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தேன். அழுத்திப் போட்டிருந்தது. அவர் எழுதினால் மறுபக்கம் தெரியும், கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதும்போதே தாள் கிழிந்தது.

அக்டோபர் 3

மழை மேகம் மேற்கே கட்டி நிற்கிறது. இன்றைய அளவு 74. குறிப்பு: கலங்கல். ‘லேசான’ போய்விட்டது.

அக்டோபர் 4

பூல்பாண்டி அண்ணாச்சியை ஆபீசுக்கு வரச் சொன்னேன். ஐம்பத்தேழு வயது மனுஷன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணாச்சி, உண்மையைச் சொல்லுங்க. அந்த அறைப் பக்கம் போறீங்களா?”

“சத்தியமா இல்லம்மா. ஒங்க வீட்டு சார் விழுந்து கெடந்தத நாந்தான மொதல்ல பாத்தேன். அதுல இருந்து கால் எழும்பல. பூட்டும் துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. சாவி போட்டாலும் தொறக்காது.”

“தண்ணி வெளிய வார கால்வாயையாவது பாத்தீங்களா?”

அவர் சுவரைப் பார்த்தார்.

“பாத்தேன். தேத்தண்ணி மாரி வருது.”

“எப்பயிருந்து?”

“கொஞ்ச நாளாவே. சொன்னா ‘நீ உள்ள போயி அளந்தியா’ன்னு கேப்பாங்க. அதான்…” குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணும் பாத்தேம்மா. விடியக் கருக்கல்ல, அந்த வெளிக்கால் வாயில ஒரு பொம்பள குனிஞ்சு உள்ள நுழையுது. தவந்துதான் போவணும், அவ்வளவு சின்ன வழி. சேலையத் தூக்கிச் செருகிட்டு நுழையுது. ஒரு தடவ இல்ல, நாலஞ்சு தடவ பாத்தாச்சு. இசக்கியம்மதான். அதுக்கு மேல நான் நிக்கல, ஓடியாந்துட்டேன்.”

காவல் தெய்வம் இசக்கிக்கு வேறு வேலை இல்லையா, கசிவுநீர் அளக்க வருகிறாளா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் கால் பக்கம் பார்த்தார், பிறகு சட்டென்று வேறு பக்கம் பார்த்தார். முழங்கால் வலியில் நான் கொஞ்சம் நொண்டுகிறேன், அதைப் பார்த்திருப்பார்.

அக்டோபர் 8

தாணுமாலயன் சாரின் அறைக்குப் போய், தண்ணீர் கலங்கி வருகிறது சார் என்றேன். அளவும் ஏறுகிறது என்றேன். கெட்ட மனுஷன் இல்லை, உட்காரச் சொன்னார்.

“அளந்தது யாரு?”

“யாரும் அளக்கல.”

“பின்ன எப்படி ஏறும்?”

படத்தைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆவுடையம்மா, ஒங்க வருத்தம் எனக்குத் தெரியும். ஆனா ஆபீஸ் ஷீட்டுல என்ன இருக்கோ அதுதான் படத்துல இருக்கணும். பூட்டுன அறைக்குள்ள அளவு ஏறுதுன்னு நான் எப்படிச் சொல்ல? முழு மட்டத்துக்கு நிரப்பணும்னு மேல இருந்து தெனமும் போன் வருது. கீழ இருக்க வயக்காரங்க தண்ணி தண்ணின்னு நிக்காங்க. கூட்டம் முடிஞ்சதும் ஒங்க நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போடணும்னு எடுத்து வச்சிருக்கேன். பாத்துச் செய்ங்க.”

பார்த்துச் செய்கிறேன் என்றேன். வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். வயலுக்குத் தண்ணீர் வேண்டும்தான். கீழக்காலனியில் எழுபது வீடு. அதில் ஒன்றில் என்னை ஏசுவதற்கென்றே உயிரோடு இருக்கிற மதினி.

அக்டோபர் 14

நாளைக் காலை கூட்டம். சாயங்காலம் ஜெர்லின் பக்கத்தில் நின்று பார்க்க, கடைசி முறையாகச் செய்தேன். ஆபீஸ் ஷீட், 38, மட்டக் கோடு. படமாக ஒட்டினேன். இணைப்புப் பட்டியலைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று இருவரும் பார்த்தோம். காலி. வெளியே எதோடும் ஒட்டு உறவு இல்லாத ஸ்லைடு. சார் வந்து பார்த்து, நல்லது என்றார்.

மூன்று பேரும் மட்டக் கோட்டைப் பார்த்தோம். மூன்று பேருக்கும் தெரியும், அது பொய். சார் தெரியாத மாதிரி இருக்கிறார், நானும் அப்படித்தான். வேலை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை, குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். அதனால் ஒட்டினேன். என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் ஒட்டினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

காலையில் லேப்டாப்பைத் திறந்து பார்க்கவில்லை. பயம். அப்படியே பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். சேலையின் கீழ்க்கரை நனைந்திருந்தது, நடுக்கூட்டத்தில்தான் கவனித்தேன்.

ஆட்சியர் அம்மா வந்து உட்கார்ந்தார். சார் பேசினார், நான் பொத்தானைத் தட்டினேன். அணையின் படம், மதகுகளின் படம், நீர்மட்டம். அடுத்த தட்டலில் கசிவு.

சுவர் முழுக்கக் கோடு எழுந்து நின்றது. சின்னத் திரையில் பார்த்தே பழகியவள் நான், ஆள் உயரத்துக்கு இப்போதுதான் பார்க்கிறேன். கடைசிப் புள்ளி 96.

ஆட்சியர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இது என்ன?”

“பழைய படம் மேடம்” என்றார் சார். “தப்பா வந்திருக்கு. எங்க பதிவுல 38தான்.”

“இதுல இன்னைக்குத் தேதி வரைக்கும் இருக்கே. யார் எடுத்த அளவு?”

சார் என்னைப் பார்த்தார். தப்பாக ஒட்டிவிட்டேன் மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. செத்தவர் எடுத்த அளவு என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நாக்கு தானாகப் புரண்டது.

“நான் எடுத்த அளவு மேடம்.”

“பூட்டியிருக்கிற அறை!” என்றார் சார்.

“வெளிக்கால் வழியாப் போனேன். தவந்து போனா பதினஞ்சடி. வலது பக்கச் சுவர்ல கல்லு ரெண்டு துருத்திட்டு இருக்கும், தலையக் குனியணும். தகட்டோட இடது மூலை வளைஞ்சிருக்கு, அதனால அளவு ரெண்டு கூட்டிச் சொல்லணும். மேல நாலாவது படியில பாசி.”

இதெல்லாம் என் வாயிலிருந்துதான் வந்தது. நான் அந்த அறைக்குள் ஒருநாளும் போனதில்லை. அவர் சொல்லிக் கேட்டிருப்பேன். கேட்டிருக்க வேண்டும். தகடு வளைந்ததை எப்போது சொன்னார் என்று ஞாபகம் இல்லை.

ஆட்சியர் எழுந்தார். “இப்பவே போய்ப் பார்க்கலாம்.”

பூட்டை வெட்டித்தான் எடுத்தார்கள். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து குளிர் வந்து முகத்தில் விழுந்தது. நான் படியிறங்கவில்லை, நாலாவது படியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. சாரும் ஜெர்லினும் இறங்கினார்கள். சார் திரும்பி வரும்போது ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தார். அடியில் மண் படிந்தது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிந்தது.

ஜெர்லின் என்னைத் தனியே கூட்டிப் போனாள்.

“அக்கா, உள்ள சுவர்ல தெனமும் சாக்பீஸால எழுதியிருக்கு. ஒன்றரை வருஷமா. இன்னைக்கு 96 வரைக்கும்.”

“அவர் எழுத்தா?”

“அவர் எழுத்த நான் பாத்ததில்ல அக்கா. கடைசி மாசம் எழுதியிருக்க எழுத்த மட்டும் எனக்குத் தெரியும். டெய்லி நீங்க எனக்கு அனுப்புற ஃபைல்ல பாக்குற ஒங்க எழுத்து.”

“அப்போ அதுக்கு முன்னாடி உள்ளது?”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னென்னவோ நினைக்கிறாள், சின்னப் பெண்.

அக்டோபர் 16

முழு மட்டம் கிடையாது. மதகைத் திறந்து தண்ணீரை இறக்கச் சொல்லி உத்தரவு. கீழக்காலனியைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுகிறார்கள். சார் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. போகும்போது மட்டும், “நல்லவேளை” என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

அக்டோபர் 18

மழை பிடித்துக்கொண்டது. காலனியில் எல்லாரும் போயாகிவிட்டது, ஒரு வீடு மட்டும் வரவில்லை என்று போன் வந்தது. எந்த வீடு என்று கேட்க வேண்டியதே இல்லை.

மதினி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். மகன் சாமானெல்லாம் ஏற்றிவிட்டு நின்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“வந்துட்டா, சர்க்கார் பொம்பள. அணை ஒடையும்னு கோடு போட்டுக் காட்டுனியாமே. நாப்பது வருஷமா ஒடையாத அணை ஒனக்காவ ஒடையுதோ? போடி.”

“அந்தக் கோடு நான் போட்டது இல்ல மதினி.”

“பின்ன?”

மடியிலிருந்து அந்த அச்சுத் தாளை எடுத்தேன். மழையில் நனைய நனைய விரித்துப் பென்சில் புள்ளிகளைக் காட்டினேன். அவளுக்கு வரைபடம் தெரியாது, எழுத்தும் தெரியாது. திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் புள்ளி புடைத்திருந்தது, அதை விரலால் தடவினாள். முறம் மடியிலிருந்து சரிந்தது.

“எந்தம்பி அமுக்கித்தான் எழுதுவான்” என்றாள்.

“ஒங்க தம்பி இன்னும் வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்காரு மதினி. ஒரு நாள் விடல. கீழ அக்கா இருக்காளேன்னு போறாரு. இதச் சொல்லத்தான் இத்தன நாளும் படாத பாடு பட்டாரு. நீங்க எந்திரிக்காம இருந்தா அவரு பாடெல்லாம் வீண்.”

நான் அப்படிச் சொன்னது அவளைக் கிளப்புவதற்காக மட்டும் இல்லை. நான் நம்பித்தான் சொன்னேன்.

மதினி எழுந்தாள். வீட்டைப் பூட்டவில்லை. வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் வேண்டாம், என் வீட்டுக்குத்தான் வருவேன் என்றாள்.

அக்டோபர் 22

கரை இறங்கியது. அடிவாரத்தில், அந்த அறை இருந்த இடத்தில், மண் வாயைப் பிளந்துகொண்டது. தண்ணீரைப் பாதிக்குமேல் இறக்கியிருந்ததால் வந்தது சேறும் இடுப்பளவு வெள்ளமும்தான். காலனியில் பதினொரு வீடு படுத்துவிட்டது. மதினி வீடு முதல் வீடு. ஆள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பூல்பாண்டி அண்ணாச்சி கரைமேல் நின்று குழந்தை மாதிரி அழுதார்.

அறை இருந்த சுவடு இல்லை. தகடு, படி, சுவர் எல்லாம் மண்ணுக்குள்.

அக்டோபர் 27

மதினி தினமும் வாசற்கதவைத் தாழ்ப்பாள் போட்டு அதற்குக் குறுக்கே பாயை விரித்துப் படுக்கிறாள். ஏன் மதினி, உள்ளே காற்றாடி இருக்கிறதே என்றால், “நீ படு” என்கிறாள். காலையில் எழுந்தால் என் கால் தரையில் இல்லாமல் அவள் மடியில் இருக்கிறது. முழங்கால் புண் பொருக்குத் தட்டிவிட்டது. செருப்பு காய்ந்து கிடக்கிறது.

அக்டோபர் 30

சார் வந்து, அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அதே வரைபடத்தைப் போடுங்கள் என்றார். “வெளி லிங்க் இல்லாம” என்று வழக்கம்போலச் சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். என் நிரந்தர ஆர்டரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 4, திங்கள்

மதினிக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. விடிந்ததும் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு அது வெறும் கோடுதான், ஆனால் கோட்டின் நுனி எது என்று தெரிந்துகொண்டாள்.

“தம்பி இன்னைக்குப் போனானா?”

முதல் நாள், “லீவு மதினி” என்றேன். மறுநாள் மழை என்றேன். அதற்கப்புறம் தீபாவளி என்றேன். அவளும் சரி சரி என்று தலையாட்டினாள். எனக்கும் அப்படிச் சொல்வது வேண்டியிருந்தது. கோட்டின் நுனி அக்டோபர் இருபத்திரண்டில் நிற்கிறது. பீரோவிலிருந்த தாளையும் பார்த்தேன், அதுவும் அங்கேதான். தினமும் பயந்து பயந்து திறந்தவள், இப்போது வந்திருக்காதா என்று திறக்கிறேன்.

இன்றைக்கும் கேட்டாள். காபி ஆறிக்கொண்டிருந்தது.

“இல்ல மதினி. போகல.”

“நாளைக்குப் போவானா?”

திரையைப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

“இனி போக மாட்டாரு மதினி. அவரு செத்துட்டாரு.”

சொன்னவுடன் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள், இன்றைக்குத்தான் சேதி வந்த மாதிரி. பக்கத்து குவார்ட்டர்ஸில் கதவுகள் திறந்தன, யாருக்கு என்ன என்று ஓடி வந்தார்கள். நான் லேப்டாப்பை மூடிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.